மஞ்சள் போன இடம்

பட்டறைக்குச் சீல் வைத்த கதையைத் தெருவே மென்று துப்பிவிட்டது. இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்காருகிறவர்களுக்காக மட்டும் இரண்டு வார்த்தை. முலாம் பூசும் பட்டறைகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரு சந்து. அங்கே சாக்கடை மஞ்சளாக ஓடியது. அதிகாரிகள் வந்து கதவுக்குக் கதவு அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கதவு அண்ணனுடையது.

அப்பா தொடங்கிய பட்டறை அது. தன் மூக்கையும் அதற்கே கொடுத்துவிட்டார். குரோமியப் புகை மூக்குத் தண்டில் ஓட்டை போட்டு வருஷக்கணக்காகிறது. பூ வாசமும் தெரியாது, சோறு தீய்ந்தாலும் தெரியாது அவருக்கு.

அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் அண்ணனின் தங்கை, சின்னவள். வேதியியல். ஏன் அந்தப் படிப்பு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், அப்பாவின் மூக்கைக் காட்டுவாள். படித்து முடித்ததும் எண்ணெய் ஆலையின் பின்னால் மலையாகக் கிடந்த கடலைத் தோலை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு அள்ளி வந்தாள். கழுவினாள், காயவைத்தாள், மூடி போட்ட தகர டின்னில் சாம்பலாகாமல் கருக்கினாள். அந்தக் கரியைப் பீப்பாயில் நிரப்பி, பட்டறையின் அலசல் தண்ணீரை மேலே ஊற்றினாள். மேலே மஞ்சளாகப் போனது கீழே பளிங்காக வந்தது. "சூனியக்காரி!" என்றான் அண்ணன், பாராட்டாகத்தான்.

சீல் வைத்த பிறகு அந்தத் தண்ணீரைத்தான் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரவில்லை என்ற இடத்தில் போன வாரம் நின்றோம்.

இன்று காலை வந்துவிட்டது.

அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரையோடு போனை எடுத்து, "சரிங்க மேடம்… சரிங்க மேடம்" என்று நாலைந்து முறை சொன்னான். வைத்ததும் கொப்பளிக்கக்கூட இல்லை.

"தண்ணி பாஸ்!"

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நெசமாவா?"

"நீ வாங்குன மார்க்கை விட நல்ல மார்க்காம். மேடமே சிரிச்சாங்க."

"அப்ப ஷட்டரைத் தூக்கலாமா?" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடி.

"இன்னிக்கே தூக்கலாம்பா. மத்தியானத்துக்கு முன்னாடி அவங்களே வர்றாங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கணுமாம். தண்ணியில இருந்து எடுத்த அழுக்கை எங்க வெச்சிருக்கோம்னு காட்டணும். பாத்துட்டு அரக்கை உடைச்சிடுவாங்க."

"அழுக்கைக் குடிச்ச கரி வீட்டுக்குப் பின்னாடி நீல டிரம்ல இருக்கு. காட்டினாப் போச்சு," என்றாள் சின்னவள்.

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். யாரும் குதிக்கவில்லை. பட்டறை மூடியதில் இருந்து அண்ணன் ஊரார் சரக்கை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறான். தோள் இரண்டும் கன்றிக் கிடக்கின்றன. சின்னவள் பகலெல்லாம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தவர்களின் குடுவையைக் கழுவுகிறாள், வீட்டுக்கு வந்தால் கரி அள்ளுகிறாள். சந்தோஷப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே தொட்டிக் கரையில் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

சின்னவள் பின்பக்கம் போனாள். அதிகாரி வருமுன் டிரம்மைத் துடைத்து வைக்கலாம் என்று நினைப்பு.

மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. திறந்தாள்.

அடியில் ஒரு பிடி கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி டிரம் காலி.

குப்பை வண்டிக்காரன் எடுத்திருப்பானோ? அவன் வாசலுக்கு வைத்ததையே எடுக்க மாட்டான், பின்பக்கமா வரப்போகிறான்! மேலே மாடியில் வாளித் தண்ணீரைச் சளக் சளக்கென்று ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணி செடிக்கு ஊற்றுகிறாள். 

சின்னவள் படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் கீரை மதமதவென்று நின்றிருந்தது. அண்ணியின் இடுப்பில் குட்டி. இப்போதுதான் நாலு வார்த்தை பேசப் பழகியிருக்கும் பெண் குழந்தை, அதில் மூன்று வார்த்தை 'வேண்டாம்'.

"வா வா, விஞ்ஞானியம்மா! தண்ணி பாஸாமே? கீழேர்ந்து கேட்டுச்சு. இங்க வந்து என் கீரையைப் பாரு. வெயில்ல சுருண்டு சுருண்டு விழுந்துக்கிட்டிருந்தது, இப்ப நிமிர்ந்து நின்னு என்னையே மிரட்டுது."

"அண்ணி, இதுல என்ன போட்டீங்க?"

"உன் கரிதான். பின்னாடி டிரம்ல சும்மா கெடந்துச்சே. கொஞ்சம் கொஞ்சமா அள்ளிப் போட்டேன். நீதானே சொன்னே, செடிக்கு நல்லதுன்னு?"

சொன்னாள்தான். முதன்முதலாகக் கருக்கிய நாளில், பீப்பாய்க்குப் போக மிஞ்சிய கரியை ஒரு பையில் கட்டிக் கொடுத்து, "செடிக்குப் போடுங்க அண்ணி, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்" என்று சொன்னவள் அவளேதான். சொன்னதில் பொய்யும் இல்லை. அது தண்ணீரைக் காணாத கரி. டிரம்மில் இருந்தது பட்டறைத் தண்ணீரின் குரோமியத்தையும் நிக்கலையும் குடித்துவிட்டு வந்த கரி. அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. அதுவும் பொலபொல, இதுவும் பொலபொல. அந்த வீட்டிலோ எதுவும் வெளியே போகாது. கிழிந்த சட்டை கரித்துணியாகும், கரித்துணி மிதியடியாகும். ஒரு டிரம் நல்ல எரு சும்மா கிடந்தால் அண்ணியின் கை எப்படிச் சும்மா இருக்கும்?

சின்னவள் குனிந்து கீரையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏய்! ஏய்! என்ன பண்றே? பித்துப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"இது வேணாம் அண்ணி."

"ஏன் வேணாம்?"

"வந்து சொல்றேன். இப்ப நேரமில்லை."

"உனக்கு என்னிக்குத்தான் நேரம் இருந்தது?" என்றாள் அண்ணி. குட்டி தன் பங்குக்கு "வேணாம்" என்றது.

பிடுங்கியதை மூலையில் போட்டுவிட்டுச் சின்னவள் கீழே ஓடினாள்.

அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஒரே பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஆக, டிரம் காலி."

"அண்ணா, நான் சொன்னது காதுல விழுந்ததா? டிரம்ல இருந்தது கீரைக்குப் போயிருக்கு. அந்தக் கீரையைத்தான் வாரத்துல பாதி நாள் தின்னுக்கிட்டிருக்கோம். குட்டியும்தான்."

"விழுந்தது." அவன் குரல் இறங்கியது. "எவ்வளவு ஏறியிருக்கும்?"

"தெரியலை. வேர் எல்லாத்தையும் எடுக்காது. குரோமியம் எந்த ரூபத்துல இருக்குன்னும் பாக்கணும். சோதிச்சாத்தான் தெரியும்."

"அதை நாளைக்குப் பாக்கலாம், நானே தூக்கிட்டு ஓடுறேன். இப்ப மேடத்துக்கு எதைக் காட்டுறது? அதைச் சொல்லு."

 அண்ணனின் கண் சுவரோரம் சாய்ந்து நின்ற மூட்டைகளுக்குப் போனது. அடுத்த மாதத்துக்கென்று கருக்கி வைத்த புதுக் கரி.

"அது புதுசு," என்றாள்.

"பாத்தாத் தெரியுமா?"

"…தெரியாது."

"அப்புறம் என்ன? நனைச்சுக் கொட்டுவோம்."

இந்த இடத்தில் அவள் சீறியிருக்க வேண்டும். அவளுடைய கோபத்துக்காகவே இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் உங்களில் பாதிப் பேர் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, கோபத்துக்கும் தூக்கம் வேண்டியிருக்கிறது. அவளுக்கு முழங்கால் வலித்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் "இன்னிக்குத் திறக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தே, மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

டிரம் நிரம்பியது. மூடி இறுகியது.

அதிகாரி வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி. செருப்பெல்லாம் புழுதி. காலையில் இருந்து எத்தனை பட்டறை ஏறி இறங்கினாரோ, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

"ஏம்மா, நல்லா செஞ்சிருக்கே. உன்னோட தண்ணியைப் பாத்துட்டு எங்க ஆய்வுக்கூடத்துல நம்ப முடியாம ரெண்டாவது தடவையும் சோதிச்சாங்களாம். எங்க, அந்த அழுக்கு?"

அண்ணன் மூடியைத் திறந்தான். "இதுதாங்க மேடம்."

சின்னவள் டிரம்மைப் பார்க்காமல் அதிகாரியின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கைப்பையில் இருந்து ஒரு கரண்டியையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்தார்.

"அது எதுக்குங்க மேடம்?" என்றான் அண்ணன்.

"சோதிக்கத்தான். தண்ணியில இருந்தது இப்பத் தண்ணியில இல்லைன்னா இதுக்குள்ளதானே இருக்கணும்? காத்தா வந்து தூக்கிட்டுப் போச்சு? இதுலயும் இல்லைன்னு வெச்சுக்கோங்க, மஞ்சத் தண்ணியைச் சாக்கடையில விட்டுட்டு எங்களுக்குக் குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்கன்னு அர்த்தம். ஒரு ஆள் அப்படித்தான் குடுத்தாரு. இப்பக் கோர்ட்டுக்கு நடந்துக்கிட்டிருக்காரு."

முதல் வருஷ மாணவிக்குத் தெரிந்த கணக்கு. ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் கூட வேண்டும். அந்தக் கணக்கை ஊருக்கெல்லாம் சொன்னவள், மூட்டையைத் தூக்கும்போது மறந்துவிட்டாள். இந்தச் சுத்தமான கரி அதிகாரியோடு போனால், அவளுடைய பீப்பாய் எதையுமே பிடிக்கவில்லை, எல்லாம் பித்தலாட்டம் என்று அவள் கரியே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். கரண்டி டிரம்முக்குள் இறங்கியது.

அப்போதுதான் அண்ணி சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். சட்டி அடுப்புல ஏறியாச்சு. இவ என்ன வேகத்துல இருந்தாளோ, காலையில இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டா. வீணாக்க மனசு வரலை, அலசி எடுத்துட்டு வந்துட்டேன்."

கூடை நிறையக் கீரை. ஈரம் சொட்டியது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த குட்டியின் வாயில் ஒரு தண்டு. கரும்பு மெல்லுகிற மாதிரி மென்றுகொண்டிருந்தது.

சின்னவள் இரண்டே எட்டில் போய்க் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். குட்டி வீரிட்டது.

"மேடம், அதை எடுக்காதீங்க," என்றாள். "அது புதுக் கரி. இன்னிக்குக் காலையில ரொப்பினோம். பழசு மாடியில, கீரை வாளிக்குள்ள இருக்கு. இந்தக் கீரை அதுல வளந்தது."

 அதிகாரி கரண்டியை உதறினார்.

"யார் ரொப்பினது?"

"நாங்க ரெண்டு பேரும்."

அதிகாரி கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஒரு பெருமூச்சுதான்.

"போற இடத்துல எல்லாம் தெளிஞ்ச தண்ணியைத்தான் தூக்கிக் காட்டுறாங்க. மிச்சம் எங்கன்னு கேட்டா ஆளாளுக்கு மூஞ்சியைப் பாக்குறாங்க. நீ படிச்ச பொண்ணு, நீயுமா?"

அவள் குட்டியின் வாயைக் கையால் துடைத்துவிட்டாள். 

அதிகாரி மாடிக்கு ஏறினார். வாளி மண்ணில் கொஞ்சம், வேரில் கொஞ்சம், கூடைக் கீரையில் ஒரு பிடி எனத் தனித்தனிப் பையில் கட்டினார். டிரம்மில் இருந்த புதுக் கரியை எடுத்துவிட்டு, வாளி மண் முழுவதையும் அதில் கொட்டிப் பூட்டச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும், முதலில் குழந்தைக்கு, ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொன்னார்.

"ஆபத்தா மேடம்?" என்று கேட்டாள் அண்ணி. அவளுக்கு இன்னும் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியிலேயே உதடு காய்ந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லாமலும் போகலாம்மா. பாக்காம நான் சொல்லக் கூடாது."

"அரக்கு…?" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும். இது எல்லாத்துக்கும் முடிவு வரட்டும். அந்தப் புதுக் கரியை நான் கொண்டுபோயிருந்தா உங்க மேல கேஸு. இப்ப வெறும் தாமதம்." வாசலில் அப்பாவைக் கடந்தபோது ஒரு விநாடி நின்று அவருடைய மூக்கைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார்.

அண்ணன் காத்திருந்தாற்போல வெடித்தான்.

"மனசு குளுந்துதா? அரிச்சந்திரன் வீட்டுல பொறந்தவ! வாசல் வரைக்கும் வந்த சீதேவியைக் கையைப் பிடிச்சு வெளியே விட்டுட்டு வந்துட்டா!"

"அந்தக் கரி சோதனைக்குப் போயிருந்தா மொத்தமா முடிஞ்சிருப்போம்ணா."

"தெரியும்! நானும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்? ஒண்ணு மட்டும் சொல்லு. மாட்டிக்குவோம்னுதான் வாயைத் திறந்தியா, இல்ல குட்டிக்காகவா?"

சின்னவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கரண்டி இறங்கியதும் குழந்தை மென்றதும் ஒரே மூச்சில் நடந்தவை. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் சுட்டது.

"விடுடா அவளை," என்றார் அப்பா வாசலில் இருந்து. "காலையில இருந்து தெரு பூரா டமாரம் அடிச்சவன் நான். இனிமே அவனவனுக்குப் பதில் சொல்லப் போறவனும் நான்தான். நான் கத்துறேனா?"

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கீரைக் கூடை இன்னும் கையில் இருந்தது.

"இந்த வீட்டுல யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

சின்னவள் சொன்னாள். "பட்டறைத் தண்ணியில விஷம் இருக்கு அண்ணி. கரிக்குள்ள ஊத்துனா விஷம் கரியில ஒட்டிக்கும். தண்ணி சுத்தமாயிடும், கரி கெட்டுப் போயிடும். கெட்ட கரியைத் தொடக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதைச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "தோலைக் கழுவ நான் வேணும், மூட்டை பிடிக்க நான் வேணும். உங்க காலேஜ்ல மேடை போட்டு நீ பேசினப்ப, குட்டியை மடியில வெச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன். ஒரு எழுத்து விளங்கலை. எல்லாரும் தட்டுனாங்க, நானும் கையைத் தட்டினேன்."

சின்னவளுக்குக் காது சூடாகியது. காலேஜில் விளங்காத மொழியில் பாடம் நடத்திவிட்டு, 'புரிஞ்சுதா?' என்று கடைசி பெஞ்சைப் பார்த்துச் சிரித்தவர்களை அவள் இன்றுவரை மன்னித்ததில்லை. அந்தச் சிரிப்பு தன் முகத்தில் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

"தப்பு என்னுதுதான் அண்ணி."

"அது கெடக்கட்டும். கீரைக்குள்ள அது போகுமா?"

"கொஞ்சம் போகும்."

"வயித்துல பிள்ளை இருந்தா, பிள்ளைக்குப் போகுமா?"

அண்ணன் தலையைத் தூக்கினான். சின்னவள் அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள்.

"நான் இல்லை," என்றாள் அண்ணி. "முனை வீட்டுத் தையல்காரர் பொண்டாட்டி. ரத்தம் கம்மியா இருக்கு, கீரை நிறையத் தின்னுன்னு டாக்டர் சொன்னாங்களாம். இங்கதான் காடா வளந்து கெடக்கே, நான்தான் வாரா வாரம் கட்டிக் கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டிருக்கேன். நேத்துகூடக் குடுத்தேன்."

 அண்ணன்தான் முதலில் பேசினான், இந்த முறை மிக மெதுவாக.

"முடிவு வர்ற வரைக்கும் பொறுத்தா என்ன? ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா? மாசமா இருக்குற பொண்ணை வீணாப் பயமுறுத்தணுமா?"

"அதுவரைக்கும் நேத்துக் குடுத்ததை அவ தின்னுக்கிட்டு இருக்கட்டுமா?" என்றாள் அண்ணி. குட்டியை அவன் மடியில் இறக்கினாள். கூடைக் கீரையை டிரம்முக்குள் கவிழ்த்தாள், செருப்பைத் தேடினாள். "குடுத்தவ நான். சொல்ல வேண்டியவளும் நான்தான். நீயும் வா. எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சொல்லு."

இருவரும் வெயிலில் நடந்தார்கள். அரக்கு வைத்த கதவுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. சந்து முனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணி கதவைத் தட்டியதும் மெஷின் நின்றது.

கதவைத் திறந்த தையல்காரர் பொண்டாட்டி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அண்ணியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாங்கக்கா! இப்பத்தான் உங்களை நெனச்சேன், நேத்துக் குடுத்ததைத்தான் நறுக்கிக்கிட்டிருக்கேன். யாரு, உங்க நாத்தனாரா?"

அண்ணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே பலகையின் மேல் பச்சையாகக் குவிந்திருந்தது கீரை. பக்கத்திலேயே கத்தி.

"நான்தாங்க," என்றாள் சின்னவள். "முதல்ல நீங்க உக்காருங்க."